மணி அடித்த பிறகு வரும் முதல் ஐந்து நிமிடம்

ஒரு வகுப்பில் சத்தம் எந்தெந்த நேரத்தில் கிளம்புகிறது என்று ஒரு வாரம் குறித்து வைத்துப் பாருங்கள். பாடம் சூடு பிடித்து ஓடும்போது வருவது குறைவுதான். ஆசிரியர் உள்ளே வந்து பையை வைத்துவிட்டு வருகைப்பதிவேட்டைப் புரட்டும்போது வரும். திருத்திய நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கொடுக்கும்போது வரும். பலகையை அழித்துவிட்டு அடுத்த படத்தை வரைய முதுகைத் திருப்பும்போது, "நாலு நாலு பேரா உட்காருங்க" என்றதும் பெஞ்சுகள் நகரும்போது, சீக்கிரம் முடித்த பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கும்போது வரும். எல்லாமே இடைவெளிகள். பிள்ளைகளுக்குச் செய்ய வேலை இல்லாத நேரம் அது.

இந்த இடைவெளிகளின் விலை பார்ப்பதைவிடப் பெரியது. 40 நிமிடப் பீரியடில் ஆரம்பிக்க 4 நிமிடம், நோட்டு கொடுக்க 2, முடிக்கும்போது 2 என்று 8 நிமிடம் போகிறது என்று வையுங்கள். 200 வேலை நாட்களுக்கு 1,600 நிமிடம். அதாவது ஒரே பாடத்தில் 40 முழுப் பீரியடுகள். பாடத்தை முடிக்க நேரமில்லை என்று ஆண்டுக் கடைசியில் தவிப்பவர்கள் தேடும் நாட்கள் இங்கேதான் கிடக்கின்றன.

அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கூனின், தவறு செய்யும் பிள்ளையை ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதில்தான் சூட்சுமம் இருக்கும் என்று நினைத்து ஆராயத் தொடங்கினார். வகுப்புகளை வீடியோவில் பதிவுசெய்து ஒப்பிட்டார். 1970இல் வெளியான அவருடைய முடிவு வேறு மாதிரி இருந்தது. நன்றாக நடக்கும் வகுப்பிலும் கலைந்துபோகும் வகுப்பிலும் கண்டிக்கும் விதத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. வித்தியாசம் கண்டிப்பதற்கு முந்தைய நேரத்தில் இருந்தது. நல்ல ஆசிரியருக்கு அறையில் நடப்பது முழுவதும் தெரியும், அவருக்குத் தெரியும் என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். ஒருவருக்கு விளக்கிக்கொண்டே இன்னொரு மூலையைக் கையசைவில் சரிசெய்வார். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தடங்கல் இல்லாமல் போவார்.

அந்தத் தடங்கலுக்கு ஓர் உதாரணம்: "எல்லாரும் கணக்கு நோட்டை எடுங்க. ஆமா, நேத்து வராதவங்க யாரு? சரி, அந்த ஜன்னலைச் சாத்துப்பா. எந்தப் பக்கம்னு சொன்னேன்?" நாலு வாக்கியம், நாலு திசை. இரண்டாவது வாக்கியத்திலேயே பாதி வகுப்பு கையை விட்டுப் போய்விடும். குரலை எவ்வளவு உயர்த்தினாலும் திரும்பி வராது, ஏனென்றால் அறுந்தது கவனத்தின் கயிறு.

உள்ளே வருவதை வேலையாக்குவது

முதல் ஐந்து நிமிடத்துக்குத் தீர்வு எளிது. பிள்ளைகள் உட்காரும்போதே பலகையில் வேலை இருக்க வேண்டும். மூன்று கேள்விகள் போதும். அவை பழைய பாடத்திலிருந்து வர வேண்டும், விளக்கம் கேட்காமல் தொடங்கும்படி இருக்க வேண்டும், 4 அல்லது 5 நிமிடத்தில் முடிய வேண்டும். ஒன்று நேற்றைய பாடம், ஒன்று போன வாரம், ஒன்று போன மாதம் என்று எடுத்தால் மறந்ததை நினைவுக்குக் கொண்டுவரும் பயிற்சியும் கூடவே நடந்துவிடும். முந்தைய பீரியடில் வேறு ஆசிரியர் பலகையை நிரப்பிவிட்டுப் போவார் என்றால், கேள்விகளை ஒரு பெரிய தாளில் எழுதி மடித்து எடுத்துப்போய் மாட்டிவிடலாம்.

அவர்கள் எழுதும்போது நீங்கள் வருகையைப் பார்த்துவிடலாம். பெயர் கூப்பிட வேண்டாம். இருக்கை வரைபடம் கையில் இருந்தால் காலி இடத்தைப் பார்த்துக் குறிக்க ஒரு நிமிடம் போதும்.

இது கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு காரணங்களால். கேள்வி புதுப்பாடத்திலிருந்து வந்தால் பத்துக் கைகள் உடனே உயரும், அமைதி போய்விடும். எழுதச் சொல்லிவிட்டு விடையைப் பார்க்காமல் விட்டால் மூன்றாவது நாளிலிருந்து யாரும் எழுத மாட்டார்கள். 2 நிமிடத்தில் விடையைச் சொல்லி அவர்களையே திருத்திக்கொள்ளச் சொன்னால் போதும், மதிப்பெண் தேவையில்லை.

நோட்டு கொடுப்பதும் இதே கணக்குதான். 45 நோட்டை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுத்தால், ஆளுக்கு 5 விநாடி என்று வைத்தாலும் ஏறக்குறைய 4 நிமிடம். திருத்தும்போதே வரிசைவாரியாக அடுக்கிவைத்து, ஒவ்வொரு வரிசையின் ஓரத்துப் பிள்ளையிடம் கொடுத்துப் பக்கவாட்டில் கைமாற்றச் சொன்னால் ஒரு நிமிடத்துக்குள் முடியும். பின்பக்கமாகக் கைமாற்றும்போது எல்லாரும் திரும்ப வேண்டியிருக்கிறது, கிண்டலும் தலையில் தட்டுவதும் அங்கேதான் தொடங்குகின்றன. பக்கவாட்டில் கொடுத்தால் அந்தத் தொல்லை இல்லை.

இந்தப் பழக்கங்களைச் சொன்னால் மட்டும் வந்துவிடாது. பெருக்கல் வாய்ப்பாட்டைப் போலவே இவற்றையும் பாடமாக நடத்த வேண்டும். முதலில் சொல்லுங்கள், பிறகு நீங்களோ ஒரு பிள்ளையோ செய்து காட்டுங்கள், பிறகு வகுப்பு முழுக்கச் செய்யட்டும். சரியில்லை என்றால் கோபப்படாமல் "இன்னொரு தடவை பார்க்கலாம்" என்று மறுபடி செய்ய வையுங்கள். முதல் வாரம் இப்படிப் பாட நேரம் போவது வீண் போலத் தோன்றும். அந்த எண்ணத்தில்தான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். முதல் இரண்டு வாரத்தில் இதற்குக் கொடுக்கும் நேரம் ஆண்டு முழுக்கத் திரும்பி வரும்.

யார் எங்கே உட்காருகிறார்கள்

ஆசிரியரின் கேள்விகளுக்குப் பதில் சொல்வது பெரும்பாலும் முன்வரிசையும் நடுப்பத்தியும்தான். ஆடம்ஸ், பிடில் என்ற இரு ஆய்வாளர்கள் 1970இல் இதைக் கவனித்து எழுதினார்கள். ஓரங்களிலும் பின்னாலும் இருப்பவர்கள் மெல்ல மெல்லப் பார்வையாளர்களாகிவிடுகிறார்கள். கடைசி பெஞ்சு என்பதைப் பிள்ளையின் குணமாகப் பேசுகிறோம். அதில் பாதி இடத்தின் குணம்.

இருக்கை அமைப்பு அன்றைய வேலையைப் பார்த்து முடிவாக வேண்டும். தனியாக எழுதும் வேலைக்கு வரிசைதான் நல்லது. நாலு பேர் முகம் பார்த்து உட்கார்ந்துகொண்டு பேசாமல் எழுதச் சொல்வது, சாப்பாட்டை முன்னால் வைத்துவிட்டுத் தொடாதே என்பதைப் போல. கலந்து பேச வேண்டிய வேலைக்கு நாலு பேர் குழு நல்லது. ஆறு பேரானால் இருவர் ஒதுங்கிவிடுவார்கள். பெஞ்சுகளை நகர்த்த இடமில்லாத அறையில், முன் பெஞ்சுக்காரர்கள் பின்பக்கம் திரும்பினால் குழு தயார். நகர்த்துவதற்கான சத்தமும் இல்லை.

பெஞ்சுகளை நகர்த்திப் போடும் குழு அமைப்பில் எந்தப் பிள்ளைக்கும் பலகை முதுகுப்பக்கம் இருக்கக் கூடாது. பக்கவாட்டில் இருந்தால் பரவாயில்லை. முதல் வரிசை பலகையிலிருந்து குறைந்தது 2 மீட்டர் தள்ளி இருக்கட்டும். பிறகு ஒரு சோதனை: எழுதிவிட்டுப் போய்க் கடைசி வரிசையின் இரண்டு மூலை இருக்கைகளிலும் நீங்களே உட்கார்ந்து படித்துப் பாருங்கள். எழுத்து சிறியதா, ஜன்னல் வெளிச்சம் பலகையில் பட்டுப் பளபளக்கிறதா, முன்னால் இருப்பவரின் தலை மறைக்கிறதா என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். காலையில் ஒரு முறை, மதியம் ஒரு முறை பார்க்க வேண்டும், வெயில் இடம் மாறும்.

எந்தப் பிள்ளையின் அருகிலும் நீங்கள் போய் நிற்க முடிய வேண்டும். இதை நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். நடைபாதை 75 சென்டிமீட்டராவது வேண்டும், பைகள் பெஞ்சுக்கு அடியில் போக வேண்டும். இடம் போதவில்லை என்றால் ஆசிரியர் மேசையை ஓரத்துக்குத் தள்ளுங்கள். முன்நடுவில் இருக்கும் மேசை வகுப்புக்கும் ஆசிரியருக்கும் நடுவே ஒரு சுவர். அறையின் பின்மூலையில் நின்று வேலையைக் கவனிப்பது இன்னும் நல்லது. அங்கிருந்து எல்லா நோட்டும் தெரியும், நீங்கள் யாரைப் பார்க்கிறீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு வரிசை பின்னாலும் ஒரு பத்தி பக்கத்திலும் இடம் மாற்றலாம். பார்வை, காது சம்பந்தமான தேவை உள்ள பிள்ளைகளை இந்தச் சுற்றில் சேர்க்காமல் அவர்களுக்கு ஏற்ற இடத்திலேயே வையுங்கள். காரணத்தை வகுப்பின் முன் அறிவிக்க வேண்டாம்.

ஓயாமல் பேசும் இருவரைப் பிரிக்கும்போது ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. ஒருவரை இந்த ஓரத்திலும் மற்றவரை அந்த ஓரத்திலும் உட்காரவைப்பார்கள். இப்போது அவர்கள் அறை முழுக்கச் சைகையில் பேசுவார்கள், நடுவில் உள்ள எல்லோரும் பார்ப்பார்கள். ஒரே பத்தியில் முன்னும் பின்னும் மூன்று வரிசை இடைவெளியில் வையுங்கள். முன்னால் இருப்பவர் திரும்பினால்தான் பார்க்க முடியும், திரும்புவது உங்களுக்குத் தெரியும். அதேபோல, சேட்டை செய்யும் பிள்ளையை முதல் வரிசை நடுவில் வைப்பது மேடை போட்டுக் கொடுப்பது. பின்னால் இருக்கும் அத்தனை பேரும் ரசிகர்கள் ஆகிவிடுகிறார்கள். இரண்டாவது வரிசை ஓரம், நீங்கள் அடிக்கடி நடக்கும் பாதையை ஒட்டி, சரியான இடம்.

சுவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2014இல் ஃபிஷரும் அவருடைய சகாக்களும் மழலை வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், படங்களால் நிரம்பிய அறையில் இருந்தபோது பிள்ளைகளின் கவனம் அதிகம் சிதறியது, கற்றதும் குறைந்தது. அதற்காக எல்லாவற்றையும் கிழித்தெறிய வேண்டாம். பலகை உள்ள சுவரை மட்டும் வெறுமையாக விடுங்கள். பிள்ளைகளின் படைப்புகளைப் பின்சுவரில் மாட்டலாம். இப்போது நடக்கும் பாடத்துக்கான ஒரே ஒரு அட்டை பக்கச் சுவரில் இருக்கட்டும், பாடம் முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

காற்றும் சத்தமும் பலர் கவனிக்காதவை. நிறைந்த அறையில் மூச்சுக்காற்றால் கரியமில வாயு கூடக் கூட மந்தம் தட்டும், மதியத் தூக்கத்துக்குச் சோம்பேறித்தனத்தை மட்டும் குறை சொல்லக் கூடாது. எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்தால்தான் காற்று ஓடும், ஒரு பக்கம் மட்டும் திறந்தால் பெரிய பயன் இல்லை. கடகடக்கும் மின்விசிறியும் இழுக்கும் நாற்காலிகளும் பின்வரிசையில் உங்கள் மெய்யெழுத்துகளை விழுங்கிவிடும். நாற்காலிக் கால்களில் ரப்பர் மூடி போடுவது, குரலுக்கு மருந்து சாப்பிடுவதைவிட நல்ல வழி.

சொல்வதும் கேட்பதும்

நகரும் வேலை எதையும் தொடங்குவதற்கு முன் சொல்ல வேண்டியதை முழுக்கச் சொல்லி முடித்துவிடுங்கள். "குழுவா உட்காருங்க" என்று சொல்லிவிட்டு, அவர்கள் நகரும்போது மேலே பத்து விஷயம் சொன்னால் ஒன்றுகூடக் காதில் விழாது. "நான் 'ஆரம்பிக்கலாம்'னு சொல்ற வரைக்கும் யாரும் எழுந்திருக்க வேண்டாம்" என்பதில் தொடங்குங்கள். என்ன செய்ய வேண்டும், யாரோடு, எத்தனை நிமிடம், முடித்ததும் என்ன, இந்த நாலும் போதும். இரண்டுக்கு மேல் படிகள் இருந்தால் பலகையில் எழுதிவிடுங்கள். ஒரு பிள்ளையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு "ஆரம்பிக்கலாம்." அடுத்த 30 விநாடி எந்தக் குழுவுக்கும் உதவிக்குப் போகாமல் நின்ற இடத்தில் நின்று எல்லாரும் தொடங்கிவிட்டார்களா என்று பாருங்கள். அந்த 30 விநாடி நிற்க மனம் வராது. ஆனால் முதல் குழுவிடம் குனிந்துவிட்டால் மீதிக் குழுக்கள் எங்கே போகின்றன என்று தெரியாது.

அமைதிக்கு ஒரே ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். கையை உயர்த்தி ஐந்திலிருந்து ஒன்று வரை எண்ணுவது நல்லது, பேசுபவர்களுக்கு வாக்கியத்தை முடிக்க நேரம் கிடைக்கிறது. ஒன்று என்று சொன்ன பிறகும் நாலு பேர் பேசிக்கொண்டிருந்தால் நீங்கள் பேச ஆரம்பிக்கக் கூடாது. ஆரம்பித்தால், அந்த அடையாளத்துக்கு அர்த்தம் "பெரும்பாலும் அமைதி" என்று வகுப்பு கற்றுக்கொள்ளும். அடுத்த வாரம் பத்துப் பேர் பேசுவார்கள். பேசாமல் நின்று, பேசுபவரின் பக்கம் பாருங்கள். அமைதியாக இருப்பவர்களைப் பார்த்து "இந்த வரிசை தயார், அந்த வரிசையும் தயார்" என்று சாதாரணக் குரலில் சொல்லலாம்.

கேள்வி கேட்கும்போது பெயரைக் கடைசியில் வையுங்கள். "மாறன், ஆவியாதல் ஏன் குளிர்ச்சி தருது?" என்றால் மாறனைத் தவிர எல்லோருக்கும் விடுமுறை. கேள்வி, இடைவெளி, பிறகு பெயர். அந்த இடைவெளி எவ்வளவு என்பது முக்கியம். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் அறிவியல் வகுப்புகளைப் பதிவுசெய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் சராசரியாக 1 விநாடிதான் காத்திருந்தார்கள். அதை 3 விநாடியோ அதற்கு மேலோ நீட்டியபோது விடைகள் நீண்டன, பதில் சொல்பவர்கள் கூடினார்கள், "தெரியாது" குறைந்தது. மூன்று விநாடி, நிற்கும்போது மிக நீளமாகத் தெரியும். மனதுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள்.

"எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்பதற்கு எந்த வகுப்பிலும் ஒரே பதில்தான் வரும். அதை விட்டுவிடலாம். சிலேட்டிலோ ஒரு துண்டுத் தாளிலோ விடையை எழுதி ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டச் சொன்னால் யாருக்குப் புரியவில்லை என்று 10 விநாடியில் கண்ணால் எண்ணலாம். கூட்டமாக உரக்கச் சொல்லும் பதில் காதுக்கு இனிமையானது, ஆனால் பத்துப் பேரின் குரலுக்குள் மற்றவர்கள் ஒளிந்துகொள்வார்கள்.

தனி வேலை கொடுத்து இரண்டு நிமிடத்துக்குள் வகுப்பில் மூன்றில் ஒரு பங்கினர் கைதூக்கினால் ஒவ்வொருவராக ஓடாதீர்கள். எல்லோரையும் நிறுத்தி, அந்தப் படியை மறுபடி விளக்குங்கள். சத்தத்துக்கு அங்கே காரணம் ஒழுங்கின்மை அல்ல, விளக்கம் போதாததுதான். முதலில் முடிப்பவர்களுக்கும் வேலை தயாராக இருக்க வேண்டும். அதே மாதிரி இன்னும் பத்துக் கணக்கு கொடுத்தால் வேகமாகச் செய்ததற்குத் தண்டனை போல ஆகிவிடும், அடுத்த முறை மெதுவாகச் செய்வார்கள். செய்த கணக்கில் ஒன்றை வேறு வழியில் போடு, நீயே ஒரு கணக்கு உருவாக்கு என்பது நல்லது.

கலைந்தால்

விதிகள் மூன்று முதல் ஐந்துக்குள் இருக்கட்டும். ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியும் செயலாக இருக்க வேண்டும். "ஒழுங்காக இரு" என்பதை எந்தப் பிள்ளையாலும் செய்ய முடியாது. "ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கேட்போம்" என்பதைச் செய்ய முடியும்.

மீறும்போது மிகச் சிறிய கருவியை முதலில் எடுங்கள். பார்வை. போகவில்லையா, பாடத்தை நிறுத்தாமல் அருகே போய் நில்லுங்கள். பிறகு விரலால் நோட்டைச் சுட்டுவது. பிறகு பெயரைப் பாடத்துக்குள் இழுப்பது. அதற்கும் பிறகுதான் குனிந்து, தாழ்ந்த குரலில், செய்ய வேண்டியதைச் சொல்வது: "மூணாவது கணக்கைப் போடு, ரெண்டு நிமிஷத்துல வந்து பார்க்கறேன்." சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். மேலே நின்றுகொண்டு முறைத்தால் பணிவதா எதிர்ப்பதா என்று நண்பர்கள் முன்னிலையில் முடிவெடுக்க வேண்டிய நிலைக்கு அந்தப் பிள்ளையைத் தள்ளுகிறோம். பதின்வயதில் அந்த முடிவு பெரும்பாலும் எதிர்ப்பாகத்தான் இருக்கும். சொன்னபடி இரண்டு நிமிடத்தில் கட்டாயம் போய்ப் பார்க்க வேண்டும்.

"ஏன் பேசினே?" என்று கேட்பதால் பயனில்லை. பொய்யோ வாக்குவாதமோதான் வரும். "இப்ப எந்தக் கேள்வில இருக்கே?" என்று கேட்டால் வேலைக்குத் திரும்ப வழி கிடைக்கிறது.

மூவர் செய்ததற்கு வகுப்பு முழுவதையும் தண்டிக்கவே கூடாது. அமைதியாக இருந்தவர்களின் நம்பிக்கையை ஒரே நாளில் இழப்போம், அவர்கள்தான் நம் பக்கம் இருந்தவர்கள். நூறு தடவை எழுது என்பதும் வேண்டாம், எழுதுவதையே தண்டனையாகக் காட்டிவிட்டுப் பிறகு கட்டுரை எழுதச் சொன்னால் யார் விரும்பி எழுதுவார்கள்? வெளியே நிற்கவைப்பது, பாடத்திலிருந்து தப்பிக்க நினைத்த பிள்ளைக்குப் பரிசு. மறுபடி மறுபடி தவறும் பிள்ளையிடம் பீரியடு முடிந்த பின் மூன்று நிமிடம் தனியாகப் பேசுங்கள், எந்த நேரத்தில் எந்த வேலையில் தொடங்குகிறது என்று தேதி போட்டுக் குறித்துவையுங்கள். இரண்டு வாரக் குறிப்பில் பெரும்பாலும் ஒரு வடிவம் தெரியும்: வாசிக்கும் வேலை வரும்போதெல்லாம், அல்லது மதியம் முதல் பீரியடில், அல்லது ஒரு குறிப்பிட்ட ஆளின் அருகில். வாசிக்கத் தெரியாததை மறைக்கச் சேட்டை செய்யும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கண்டிப்பு எதையும் தீர்க்காது, வாசிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

ஆண்டின் நடுவில் எல்லாம் குலைந்துபோயிருந்தால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முயல வேண்டாம். விடுமுறை முடிந்து திரும்பும் நாளைத் தேர்ந்தெடுங்கள். முதல் வாரம் உள்ளே வரும் பழக்கம் மட்டும். இரண்டாவது வாரம் அமைதிக்கான அடையாளம். மூன்றாவது வாரம் நோட்டு கைமாற்றுவதும் குழு மாறுவதும். இரண்டாம் வாரத்தில் நிலைமை கொஞ்சம் மோசமாவது போல இருக்கும். நீங்கள் இதில் உறுதியாக இருக்கிறீர்களா என்று சோதிக்கிறார்கள். அந்த வாரம் விட்டுவிட்டால் அடுத்த முயற்சி இரு மடங்கு கடினம்.

நீங்கள் வராத நாளுக்கு மேசையில் ஒரு தாள் வையுங்கள்: இருக்கை வரைபடம், தொடக்க மூன்று கேள்விகள், அமைதிக்கான அடையாளம், உதவி கேட்கத் தகுந்த இரண்டு பிள்ளைகளின் பெயர். மறுநாள் வந்ததும் மாற்று ஆசிரியரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள், முதல் ஐந்து நிமிடம் எப்படிப் போனது என்று.